கேளுங்கள், கணக்கு டீச்சர்: போன வழியே திரும்பி வர முடியுமா?

சென்ற இதழில் சார்பு என்றால் என்ன என்று எழுதும்போது, அதை மாவு மில்லுக்கு ஒப்பிட்டிருந்தேன். ஒரு பக்கம் ஓர் எண்ணைக் கொட்டினால் மறுபக்கம் வேறோர் எண் வந்து விழும். உள்ளே போடுவதை ‘உ’ என்றும் வெளியே வருவதை ‘வெ’ என்றும் குறித்தேன். பாடப் புத்தகத்தின் எக்ஸும் ஒய்யும்தான் அவை, வேறொன்றுமில்லை. அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: வெளியே வந்ததை வைத்து, உள்ளே போனது என்னவென்று கண்டுபிடிப்பது எப்படி? பிளஸ் ஒன் புத்தகம் இதை நேர்மாறு சார்பு என்கிறது. இந்த மாதம் முழுக்க அதுதான்.

தேனியிலிருந்து ஒரு வாசகி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 3உ + 5 என்ற சார்புக்கு நேர்மாறு காணச் சொன்னால், மூன்றால் வகுத்துவிட்டு அப்புறம் ஐந்தைக் கழிக்கிறாள். தப்பு என்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எங்கே தப்பு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் பிளஸ் டூ முடித்தே 20 வருடம் ஆகிறது, டீச்சர்.

உங்கள் மகள் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். பெருக்கலை அவிழ்க்க வகுத்தல், கூட்டலை அவிழ்க்கக் கழித்தல் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வரிசையில்தான் சறுக்கியிருக்கிறாள்.

வீட்டில் டிபன் கேரியர் இருந்தால் எடுத்து அவள் முன்னால் வையுங்கள். அடியில் சாதம், அதன் மேல் குழம்பு, அதன் மேல் பொரியல் என்று அடுக்கி மூடியாயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் கைக்கு முதலில் வருவது எது? பொரியல். சாதத்தை முதலில் உருவி எடுக்க யாராலும் முடியாது. சார்பும் அப்படித்தான். 4-ஐ உள்ளே போடுங்கள். மூன்றால் பெருக்க 12, ஐந்தைக் கூட்ட 17. இப்போது 17-இல் நின்றுகொண்டு வீடு திரும்ப வேண்டும். கடைசியாகச் செய்தது ஐந்தைக் கூட்டியது. அதை முதலில் எடுத்தால் 12. பிறகு மூன்றால் வகுத்தால் 4. ஆக, உ = (வெ − 5) ÷ 3. மகள் போன வழியில் போனால், 17-ஐ மூன்றால் வகுத்து, அதிலிருந்து ஐந்தைக் கழித்து, மூன்றில் இரண்டு என்று வந்து நிற்கும். போட்டது நாலு, எடுத்தது முக்கால்கூட இல்லை. இப்படி ஓர் எண்ணைப் போட்டுச் சரிபார்க்காமல் எந்த நேர்மாறையும் விடைத்தாளில் விட்டுவிட்டு எழுந்து வரக் கூடாது. அதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

இது ஏதோ புதுப் பாடம் என்று நினைக்க வேண்டாம். கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்திலேயே இது இருக்கிறது: திரும்பி வரும்போது பெருக்கல் வகுத்தலாகும், வகுத்தல் பெருக்கலாகும், கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும். 1150-இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் இதற்கு ஓர் அருமையான கணக்கு உண்டு. பிளஸ் ஒன் வகுப்பு எடுத்த வருடங்களில் எல்லாம் ஜூன் மாதம் இதைத்தான் முதலில் பலகையில் எழுதுவேன்.

ஓர் எண்ணை மூன்றால் பெருக்கு. வந்ததோடு அதன் முக்கால் பங்கைச் சேர். ஏழால் வகு. வந்ததில் மூன்றில் ஒரு பங்கைக் குறை. அதையே அதனால் பெருக்கு. 52-ஐக் கழி. வர்க்கமூலம் எடு. எட்டைக் கூட்டு. பத்தால் வகு. கிடைப்பது 2. அந்த எண் எது?

பின்னாலிருந்து வாருங்கள். இரண்டைப் பத்தால் பெருக்க 20. எட்டைக் கழிக்க 12. வர்க்கமூலத்தின் எதிர் வர்க்கம், எனவே 144. 52-ஐக் கூட்ட 196. வர்க்கத்தின் எதிர் வர்க்கமூலம், எனவே 14. மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகு மிஞ்சியது இந்தப் 14 என்றால், குறைவதற்கு முன் இருந்தது 21. ஏழால் பெருக்க 147. இது முக்கால் பங்கு சேர்ந்த பிறகு வந்தது, அதாவது ஒன்றே முக்கால் பங்கு. அப்படியானால் ஒரு பங்கு 84. மூன்றால் வகுக்க 28.

இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் கண்ணி வைத்திருக்கிறது. ஒன்று அடுத்த கேள்வியிலேயே வருகிறது, இன்னொன்று கொஞ்சம் பொறுத்து.

ஈரோட்டில் ஜவுளிக்கடை கேஷியர் ஒருவர்: 20 சதவீதத் தள்ளுபடி போக 800 ரூபாய்க்கு விற்ற புடவைக்குப் பழைய விலைச் சீட்டு திரும்ப ஒட்ட வேண்டும். முதலாளி 800-க்கு 20 சதவீதம் கூட்டி 960 என்று ஒட்டச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒப்பாதது சரிதான். பழைய விலை 1000. தள்ளுபடி என்பது 0.8-ஆல் பெருக்குவது, அதைத் திருப்ப 0.8-ஆல் வகுக்க வேண்டும். 20 சதவீதக் குறைப்பின் நேர்மாறு 25 சதவீத ஏற்றம். ஏனென்றால் போகும்போது 1000-இல் 20 சதவீதம் எடுத்தீர்கள், திரும்பும்போது 800-இல் 20 சதவீதம் சேர்க்கப் பார்க்கிறார் உங்கள் முதலாளி. சதவீதம் ஒன்றுதான், எதில் சதவீதம் என்பது மாறிவிட்டது. பாஸ்கரரின் ‘முக்கால் பங்கைச் சேர்’ என்ற இடத்தில் என் மாணவிகளில் பாதிப் பேர் 147-இலிருந்து முக்கால் பங்கைக் கழித்து மாட்டிக்கொள்வார்கள். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1180 என்று இருந்தால் அசலைக் காண 1.18-ஆல் வகுங்கள். 18 சதவீதத்தைக் கழிக்காதீர்கள், 967 ரூபாய் 60 காசு என்று வந்து உங்களைக் குழப்பும்.

அறந்தாங்கியிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவர்: நேர்மாறு காண எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றி எழுதிவிட்டு ஒய்யைக் காண் என்கிறார் எங்கள் சார். ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால், மாற்றினால் மார்க் வரும் என்கிறார்.

தம்பி, உன் சாரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெண்தான் என் வாயை அடைத்தாள்.

2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு புதுக் கட்டணம் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். (அந்தக் கட்டணத்தில் ஏறி இறங்கியவர்கள் கை தூக்கலாம்.) செய்தித்தாளில் பார்த்ததை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன். உ என்பது கிலோமீட்டர், வெ என்பது ரூபாய். 1.8-ஐத் தாண்டிவிட்டால், வெ = 25 + 12 × (உ − 1.8). நேர்மாறு காண இரண்டையும் இடம் மாற்று என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “டீச்சர், ரூபாயைக் கிலோமீட்டர்னு எழுதினா ஆட்டோ எப்படி ஓடும்?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவள் சொன்னது சரி. கிலோமீட்டர் கிலோமீட்டர்தான், ரூபாய் ரூபாய்தான். நாம் கேட்கும் கேள்வி மட்டும்தான் திரும்புகிறது. இத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதற்குப் பதில், இத்தனை ரூபாய் கொடுத்தவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்கிறோம். அதற்கு எழுத்தை மாற்ற வேண்டியதே இல்லை. 85 ரூபாய் கொடுத்தாரா? 25 போக 60, பன்னிரண்டால் வகுக்க 5, அதோடு 1.8 சேர்க்க 6.8 கிலோமீட்டர். அதாவது உ = (வெ − 25) ÷ 12 + 1.8. வெ-இலிருந்து உ-வைத் தனியாகப் பிரித்து எடுத்தாயிற்று என்றால் நேர்மாறு கிடைத்தாயிற்று.

அப்புறம் எதற்கு அந்த இடமாற்றம்? வரைபடத் தாளுக்காக. உள்ளே போவதைக் கிடை அச்சில் குறிப்பது வழக்கம். நேர்மாறுக்கு உள்ளே போவது பழைய வெ. அதையும் வழக்கப்படி கிடை அச்சில் வரைய வேண்டுமென்றால் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படி வரையும்போது ஓர் அழகு வரும். இரண்டு அச்சுக்கும் நடுவே 45 பாகையில் ஒரு கோடு போட்டுக்கொள். மைப் பேனாவால் சார்பின் வரைபடத்தை வரைந்து, ஈரம் காய்வதற்குள் அந்தக் கோட்டில் தாளை மடி. மறுபக்கம் ஒட்டியிருக்கும் மைக்கறைதான் நேர்மாறின் வரைபடம். இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் இருந்தால்தான் இது பலிக்கும். பரீட்சையில் எக்ஸில்தான் விடை வேண்டும் என்பார்கள், சரி. கடைசி வரியில் மட்டும் பெயரை மாற்றிக்கொள். முதல் வரியிலேயே மாற்றினால் எது உள்ளே, எது வெளியே என்பது உனக்கே மறந்துபோகும்.

மதுரையில் டியூஷன் எடுக்கும் பட்டதாரி: எஃப் என்ற சார்பின் நேர்மாறைக் குறிக்க எஃப்பின் தலையில் −1 போடுகிறோம். பிள்ளைகள் அதை அடுக்கு என்று நினைத்து, ஒன்றின் கீழ் எஃப் என்று எழுதுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் திருந்துவதில்லை.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. எட்டாம் வகுப்பில் மூன்றின் தலையில் −1 போட்டால் மூன்றில் ஒன்று என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, பதினொன்றில் அதே குறியைக் காட்டி வேறொன்று என்கிறோம். இந்தக் குறியை முக்கோணவியலில் கொண்டுவந்தவர் ஜான் ஹெர்ஷல், 1813-இல். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன். அப்போது அவருக்கு இருபது சொச்சம் வயதுதான். அவர் யோசனையில் நியாயம் இருந்தது. எஃப்பை ஒருமுறை செய், மறுபடியும் செய் என்றால் தலையில் 2. செய்ததை அவிழ் என்றால் −1. ஆனால் சைனின் தலையில் 2 போட்டால் சைனின் வர்க்கம் என்று எழுதும் வழக்கமும் கூடவே நிலைத்துவிட்டது. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

நான் இரண்டு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொள்வேன். மூன்றுக்கு மூன்றில் ஒன்று தலைகீழி. சார்புக்கு நேர்மாறு. தலைகீழியோடு பெருக்கினால் 1 வரும். நேர்மாறுக்குள் போட்டால் போட்டதே திரும்பி வரும். 3உ + 5-இல் 4-ஐப் போட்டு 17 எடுத்தோமே, அதன் தலைகீழி பதினேழில் ஒன்று. அதை வைத்துக்கொண்டு நான்கை எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

கோவில்பட்டியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: கால்குலேட்டரில் சைன் 150 போட்டால் 0.5 வருகிறது. உடனே நேர்மாறு சைனை அழுத்தினால் 150 வர வேண்டும் அல்லவா? 30 என்கிறது. கால்குலேட்டர் கெட்டுவிட்டதா?

கால்குலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணு. ஒரு மாதத்தின் பெயர் சொன்னால் அதில் எத்தனை நாள் என்று சொல்லிவிடலாம். 31 நாள் உள்ள மாதம் எது என்று நான் கேட்டால்? ஏழு மாதம் வரிசையில் நிற்கும். பிப்ரவரி ஒன்றைத்தான் நாளை வைத்து அடையாளம் சொல்ல முடியும். உள்ளே போன இரண்டு வேறு வேறு பொருள், வெளியே ஒரே முகத்தோடு வந்தால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். புத்தகம் ‘ஒன்றுக்கு ஒன்றான சார்பு’ என்று கேட்பது இதற்காகத்தான். மேலே சொன்ன ஆட்டோவில் 25 ரூபாய் கொடுத்து இறங்கியவர் தெருமுனைவரை போனாரா, 1.8 கிலோமீட்டர் போனாரா, யாருக்குத் தெரியும்? கிடைமட்டமாக ஒரு கோடு வரைந்து, அது வரைபடத்தை இரண்டு இடத்தில் வெட்டுகிறதா பார் என்பதும் இதே சோதனைதான்.

சைன் இந்த விஷயத்தில் ரொம்ப மோசம். 30-க்கும் 0.5, 150-க்கும் 0.5, 390-க்கும் 0.5. முடிவே கிடையாது. அதனால் கணிதக்காரர்கள் ஒரு பஞ்சாயத்து செய்துகொண்டார்கள். −90 பாகையிலிருந்து 90 பாகைவரை மட்டும் எடுத்துக்கொள்வோம், அந்தத் துண்டில் −1 முதல் 1 வரை ஒவ்வொரு மதிப்பும் ஒரே ஒரு தடவைதான் வருகிறது என்று. முதன்மை மதிப்பு என்பது அதுதான். உன் கால்குலேட்டர் அந்தத் துண்டுக்குள்ளிருந்து பதில் சொல்கிறது. கொசைனுக்கு இதே துண்டு உதவாது, அங்கே 60-க்கும் −60-க்கும் ஒரே மதிப்பு. அதற்கு 0 முதல் 180 வரை. பன்னிரண்டாம் வகுப்பில் ஆளுக்கொரு எல்லை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதன் காரணம் இவ்வளவுதான்.

இப்போது பாஸ்கரரின் இரண்டாவது கண்ணி. 196-க்கு வர்க்கமூலம் 14 என்று எடுத்தோம். −14 எடுத்தால்? −21, −147, −84, கடைசியில் −28. நம்பிக்கை இல்லையென்றால் −28-ஐப் போட்டு மேலிருந்து கீழே செய்து பார், அதுவும் 2 தான் தரும். வர்க்கம் எடுத்த இடத்தில் குறி அழிந்துவிட்டது. மிகை எண் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று சொல்லி வைத்தால்தான் 28 ஒரே விடை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு மாணவர்: (2உ + 3) ÷ (உ − 2) என்பதற்கு நேர்மாறு கண்டேன். கேள்வியில் இருந்ததே விடையாக வந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். நான் எங்கே தப்பு செய்கிறேன்?

எங்கேயும் இல்லை. வெ × (உ − 2) = 2உ + 3. உ உள்ளதை ஒரு பக்கம் சேர்த்தால் உ × (வெ − 2) = 2வெ + 3. ஆக உ = (2வெ + 3) ÷ (வெ − 2). அச்சு அசல். 3-ஐப் போடு, 9 வரும். 9-ஐப் போடு, 3 வரும். தனக்குத் தானே நேர்மாறான சார்பு இது. 12-இலிருந்து கழி என்பதும் அந்த ஜாதிதான், லைட் சுவிட்சும் அந்த ஜாதிதான். உள்ளே 2 போகக் கூடாது, வகுக்கும் இடத்தில் பூச்சியம் வரும். வெளியே 2 வரவும் வராது. இதையும் விடையில் எழுதிவிடு.

திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற ஓவர்சியர்: கிளார்க்ஸ் டேபிள் என்ற லாக் புத்தகத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். மடக்கைக்கு (அதுதான் லாக்) ஓர் அட்டவணை, எதிர்மடக்கைக்குத் தனியாக ஓர் அட்டவணை. ஒன்றையே தலைகீழாகப் படித்தால் போதாதா? அந்தக் காலத்திலிருந்தே எனக்கு இந்தச் சந்தேகம்.

போதும், ஐயா. தாராளமாகப் போதும். மடக்கை அட்டவணையில் ஓரத்தில் 2-ஐத் தேடினால் நடுவில் 0.3010. நடுவில் 0.3010-ஐத் தேடிப் பிடித்து ஓரத்தைப் பார்த்தால் 2. இரண்டாவதுதான் எதிர்மடக்கை. ஆனால் கட்டத்துக்கு நடுவே நாலு இலக்கத்தைத் தேடுவது கண்ணுக்கு வேதனை. அதனால் அதையே வரிசைப்படுத்தி இன்னொரு அட்டவணையாகப் போட்டுவிட்டார்கள். பெயரை வைத்து எண்ணைத் தேட ஒரு டைரக்டரி, எண்ணை வைத்துப் பெயரைத் தேட இன்னொரு டைரக்டரி மாதிரி.

1614-இல் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டதன் பயனே திரும்பி வர முடிவதில்தான் இருக்கிறது. பெருக்க வேண்டிய எண்களைக் கூட்டல் நடக்கும் ஊருக்குக் கூட்டிப்போய், கூட்டி, திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. திரும்பும் வழி இல்லையென்றால் அவ்வளவு தூரம் போய் என்ன லாபம்? இரண்டையும் மூன்றையும் பெருக்க 0.3010-ஐயும் 0.4771-ஐயும் கூட்டினால் 0.7781. எதிர்மடக்கை பார்த்தால் 5.999. நான்கு இலக்கத்தோடு வெட்டியதற்கு நாம் கொடுக்கும் அபராதம் அது. இரண்டு மூன்று 5.999 என்று எழுதிவைத்து அடி வாங்கிய கூட்டத்தில் நானும் உண்டு. நீங்களும் இருந்திருப்பீர்கள்.

கும்பகோணத்திலிருந்து ஏழாம் வகுப்பு மாணவி: நானும் என் தோழியும் க பாஷை பேசுவோம். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு க போட வேண்டும். இதுவும் கணக்குதான் என்கிறார் அண்ணன். நிஜமா? அம்மாவுக்கும் இப்போது புரிய ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது, டீச்சர்?

நிஜம்தான். ‘நகம்’ என்பது ‘கந கக கம்’ ஆகிறது. அவிழ்க்க, ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எழுத்தை மட்டும் தள்ள வேண்டும். க தெரிந்த இடத்தில் எல்லாம் தள்ளினால் நகம் ‘நம்’ ஆகிவிடும். அம்மா அந்தத் தப்பைச் செய்யவில்லை போலிருக்கிறது, அதனால்தான் பிடித்துவிட்டார்.

ஒன்று செய். க போடுவதற்கு முன்னால் சொல்லின் எழுத்துகளைப் பின்னாலிருந்து சொல். ‘கடல்’ முதலில் ‘ல்டக’ ஆகும். பிறகு க சேர்த்தால் ‘கல் கட கக’. உன் தோழிக்குச் சொல்லிவை: கேட்டதும் முதலில் க-வை எடுக்க வேண்டும், அப்புறம்தான் எழுத்துகளைத் திருப்ப வேண்டும். திருப்பியதை அவிழ்க்க மறுபடியும் திருப்பினால் போதும், நாகர்கோவில் அண்ணாவின் கணக்கு மாதிரி. அம்மாவுக்கு ஒரு வாரமாவது பிடிக்கும். நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன். இந்த இதழை அவர் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பது மட்டும் உன் பொறுப்பு.